சிப்பாயின் கடைசிக் குரைப்பு

பூம்பாறை முருகேஸ்வரியின் நாய் சிப்பாய் பிப்ரவரி பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை செத்தது. மார்ச் இருபத்தைந்தாம் தேதி புதன்கிழமை வரை குரைத்தது. இரண்டு தேதியிலும் தப்பில்லை. அந்த நாயின் குரைப்பு நாற்பத்து மூன்று நாள் பிந்தித்தான் வெளியே கேட்கும் என்பது பூண்டு விலை மாதிரி ஊருக்கே தெரிந்த சங்கதி.

முருகேஸ்வரியின் புருஷன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட அதே வாரத்தில்தான் சிப்பாய் குட்டியாக அவளிடம் வந்தது. ஒண்ணு போயி ஒண்ணு வந்துச்சு, வந்ததுதான் உருப்படி என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அறுபது சென்ட் பூண்டுத் தோட்டம், அதையொட்டி வீடு, இருட்டினால் பன்றி, விடிந்தால் காட்டுமாடு. பதினோரு வருஷம் சிப்பாய் குறையில்லாமல் குரைத்தது. பன்றிக்கு ஒரு குரல், காட்டுமாட்டுக்கு ஒரு குரல், அசலூர்க்காரனுக்கு ஒரு குரல், பக்கத்து வீட்டுக் கோழிக்கு ஒரு அதட்டல் என்று தனித்தனியாக வைத்திருந்ததால், படுத்துக்கொண்டே எதற்கு எழுந்திருக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பன்னிரண்டாம் வயதில் ஒரு நாள் அது வாயைத் திறந்து மூடியது. மூடிய பிறகு சத்தம் வந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயசானால் யாருக்குத்தான் எல்லாம் வெரசாக நடக்கிறது? அந்தப் பொங்கலுக்குள் ஓர் உலை கொதிக்கிற நேரம் பிந்தியது, ஆடிக்குள் ஒரு முழு நாள். கொடைக்கானல் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். பல்லெல்லாம் நன்றாக இருக்கிறது என்று பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பினார். மாத்திரை போட்ட பிறகு தாமதம் ஒரு வாரமானது.

அது வளர்ந்து வளர்ந்து நாற்பத்து மூன்று நாளில் வந்து நின்றது. இதைக் கணக்குப் பார்த்துச் சொன்னவன் பக்கத்து வீட்டு பென்சன். செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறவன், சும்மா இருக்க மாட்டான். சிப்பாய் சத்தமில்லாமல் வாயைத் திறப்பதை வீடியோ எடுத்து, அந்தக் குரைப்பு என்றைக்கு வந்து சேர்கிறது என்று காத்திருந்து, நிமிஷம்கூடப் பிசகாமல் நாற்பத்து மூன்று நாள் என்று கண்டுபிடித்தான். அப்புறம் ஊர் அதற்குத் தக்கபடி நடந்துகொண்டது. முருகேஸ்வரி காதை விட்டுவிட்டு நாயின் வாயைப் பார்த்துத் தோட்டத்துக்கு ஓடப் பழகினாள். காட்டுமாடு மிதித்த பயிருக்கு ஒருத்தர் மனுப் போட்டிருந்தார். வனத்துறைக் காவலர் வழக்கம்போல ஆற அமர வந்து, மாடு வந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டார். கேட்டு வாயை மூடுவதற்குள், மாடு மிதித்த அன்றைக்குப் போட்ட குரைப்பு வந்து சேர்ந்தது. அவர் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார், மனுவும் தேறியது.

இந்த பிப்ரவரியில் சிப்பாய்க்குப் பதினாறு வயது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பூண்டு எடுப்பு தொடங்கிவிட்டது, வலைப்பை இல்லாமல் ஆகாது. முருகேஸ்வரி வெள்ளனே கிளம்பி வத்தலக்குண்டுக்குப் போனாள். போகும்போது வாசல்படியில் படுத்திருந்ததன் தலையைத் தடவி, "போன காலோட வந்துர்றேன்டா, எங்கயும் போயிராத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி பஸ்ஸைவிட்டு இறங்கியபோது மேலே வீட்டுப் பக்கமிருந்து சிப்பாயின் குரைப்பு கேட்டது. அது டிசம்பர் மாசத்துக் குரைப்பு என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் காது அறிவைக் கேட்டுக்கொண்டா இருக்கிறது! பிள்ளை நல்லாத்தான் இருக்கு என்று மனசு தன்பாட்டுக்குச் சமாதானமாகிவிட்டது. பையை இறக்கிவைத்து டீக்கடையில் உட்கார்ந்தாள். யார் வீட்டில் பூண்டு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று விசாரித்தாள், இரண்டாவது டீயும் சொன்னாள். வீடு சேரும்போது மணி ஐந்து. சிப்பாய் படியிலேயே கிடந்தது. உடம்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.

அந்தச் சூடுதான் அவளைக் கொன்றது. பென்சனும் அவன் பெண்டாட்டி ஜெனியும் அன்றைக்குக் கொடைக்கானலில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தார்கள், பார்த்தவர்கள் ஒருவருமில்லை. நாலு மணிக்கு முன்னாலேயே போய்விட்டதா, இல்லை அவள் இரண்டாவது டீயைக் குடிக்கும்போது இங்கே கிடந்து அவளைக் கூப்பிட்டதா? மலையிலே வெயில் பட்ட கல்மேல் கிடந்தால் சூடு நிற்கும் என்று ஜெனி சொன்னாள். முருகேஸ்வரி கேட்டுக்கொண்டாள், ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டத்து மேல்வரப்பில் புதைத்தார்கள். மறுநாள் காலையில் பன்றிக்கு ஒரு குரைப்பு கேட்டது, டிசம்பர் கடைசியில் வந்த பன்றி. செத்தும் சோலி பாக்குதே என்று ஊர் மெச்சியது. அவள் மட்டும் காலண்டரில் மார்ச் இருபத்தைந்தைச் சுற்றி வட்டம் போட்டுவைத்தாள். அன்றைக்கு நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் குரைப்பு கேட்டால் அவள் குற்றவாளி, கேட்காவிட்டால் இல்லை. அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான். அந்த நாற்பத்து மூன்று நாளில் அவள் டீக்கடைப் பக்கமே போகவில்லை, ஆளும் பாதியாகிப் போனாள்.

அன்று மதியத்திலிருந்தே வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்து வரப்பில் உட்கார்ந்தார்கள். டீக்கடையை மூடிவிட்டார்கள். நாலு மணி பஸ் டிரைவர் ஹாரன் அடிக்காமல் வந்து, நிறுத்தின கையோடு இன்ஜினை அணைத்தார். இரண்டேகாலுக்கு பூனைக்கு ஒரு குரைப்பு வந்திருந்தது, அதோடு சரி. நாலு தாண்டியது, நாலேகால் தாண்டியது. பென்சன் போனைப் பார்த்து, "அக்கா, நாலரையாகப் போவுது. ஒண்ணுமில்லக்கா, முன்னாடியே போயிருச்சு. மனசப் போட்டு உழப்பிக்காதீங்க" என்றான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முதல்முதலாக அழுதாள். வரப்பில் இரண்டு பேர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள்.

நாலு முப்பத்தெட்டுக்கு சிப்பாய் குரைத்தது. ஒரே ஒரு தடவைதான். வாசல்படியிலிருந்துதான் வந்தது, தெளிவாகவும் இருந்தது.

எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். முருகேஸ்வரியின் முகத்தைப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை. ஜெனிதான் வாயைத் திறந்தாள். "அக்கா, அது ஒங்களக் கூப்புட்டது இல்ல. நல்லா நெனச்சுப் பாருங்க. எங்க வெள்ளக் கோழி ஒங்க பூண்டக் கௌறுனா போடுமே, அந்த அதட்டு!"

உண்மைதான். அழுகையோ வலியோ தேடலோ எதுவும் அதில் இல்லை. நூறு தடவை கேட்ட சலித்துப்போன அதட்டல், அவ்வளவே. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த குரல்தான், அவள் காதுதான் வேறொன்றை எதிர்பார்த்துக் கிடந்தது. முருகேஸ்வரி படியில் கைவைத்து உட்கார்ந்து, அழுதுகொண்டே சிரித்தாள். "அடப்பாவி! நான் அங்கன ஒக்காந்து ஊர்க்கதை பேசுறேன், நீ இங்கன கோழி வெரட்டிக்கிட்டு இருந்தியாடா? என்னயத் தேடவே இல்லயாடா நீ?" அந்த ஒரு மணி நேரம் அவளுக்குத் திரும்பிக் கிடைக்கப்போவதில்லை, அவள் டீக்கடையில் இருந்தபோது அது உயிரோடுதான் இருந்திருக்கிறது. ஆனால் தன் வேலையாக இருந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து அவள் விழுங்கிக்கொண்டாள்.

அந்த மலையில் காவல் நாய் குரைத்தால் உடையவர் பதில் குரல் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் நாய் காவலை விடாது. அவள் எழுந்து, மேல்வரப்பைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள். "போதும்டா சிப்பாயி! நான் வந்துட்டேன். கோழிய நான் பாத்துக்கிறேன், நீ படு!"

பென்சன் விரல்விட்டு எண்ணினான். "போறதுக்கும் அதே நாப்பத்து மூணு நாளுதான். மே ஏழாந்தேதி சாயங்காலம் அதுக்குக் கேட்டுரும்க்கா" என்றான். அவள் காலண்டரில் அதையும் குறித்துக்கொண்டாள்.

மே ஏழு வியாழக்கிழமை. நாலு முப்பத்தெட்டுக்கு அவள் டீக்கடையில் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் மணியைப் பார்த்து, "இந்நேரம் படுத்திருக்கும்" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவள் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.