முத்தம்மாளுக்குப் போடாத ஊசி

சாமைக் கழனியில் களையெடுக்கும்போதுதான் முத்தம்மாளுக்கு மாரடைப்பு வந்தது. மலையிலிருந்து ஜீப்பில் இறக்கி வேலூரில் சேர்ப்பதற்குள் ஐந்து மணி நேரம் ஓடிவிட்டது. உயிர் தங்கியது. ஆனால் இதயத்தின் ஒரு பக்கத்துக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை. குழாய்கள் மிகச் சிறியவை என்பதால் ஸ்டென்ட் வைக்கவும் வழியில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கியது.

மாரடைப்பு வந்த ஏழாம் மாதம், வேலூர் ஆஸ்பத்திரியின் டாக்டர் ராஜேஸ்வரி, இன்னும் சோதனையில் இருக்கும் ஒரு மருந்தைப் பற்றிச் சொன்னார்.

“ரத்தம் போகாத எடத்துல புதுசா குழாய் முளைக்கச் சொல்லி நம்ம ஒடம்பே ஒரு புரதத்தை அனுப்பும். உங்களுக்கு அது போதலை. அதையே ஊசியா இதயத்துல போட்டுப் பாக்கறோம். பலன் கெடைக்கும்னு உறுதி சொல்ல முடியாதுங்க.”

“போடுங்கம்மா,” என்றாள் முத்தம்மாள். சம்மதப் படிவத்தை மகள் பூவிழி படித்துச் சொல்லச் சொல்ல எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

ஊசிக்கு முன் உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். நான்காம் நாள் டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

“ஊசி போட முடியாதுங்க. கிட்னியில சின்னதா ஒரு கட்டி தெரியுது. கேன்சரா இருக்கலாம். இந்த மருந்து அந்தக் கட்டிக்கும் ரத்தக் குழாய் வளர்த்து விட்டுடும். மொதல்ல ஆபரேஷன் பண்ணி அதை எடுக்கணும்.”

“நெஞ்சைப் பாருங்கன்னு வந்தா, இல்லாத நோயெல்லாம் தேடிப் புடிக்கறீங்களே!” என்று எழுந்து வந்துவிட்டாள்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. கடைசியில் பூவிழிதான் கேட்டாள்.

“அம்மா, அந்தக் கட்டி வலிக்குதா?”

“இல்லியே.”

“வலி வந்தப்புறம் கண்டுபுடிச்சிருந்தா இன்னா பண்ணியிருப்பே?”

மறுநாள் முத்தம்மாள் ஆஸ்பத்திரியில் சேரத் துணிமணி எடுத்து வைத்தாள்.

பலவீனமான இதயம் என்பதால் மயக்க மருந்து கொடுக்கவே டாக்டர்கள் யோசித்தார்கள். ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். கட்டி கேன்சர்தான், பரவுவதற்குள் முழுதாக எடுத்தாகிவிட்டது.

மறுபரிசோதனைக்குப் போனபோது, “அந்த ஊசி இனிமே எனக்குக் கெடையாதாம்மா?” என்று கேட்டாள்.

“அஞ்சு வருஷம் கட்டி திரும்பலைன்னா யோசிக்கலாம். அதுக்குள்ள அந்த மருந்து வேலை செய்யுதான்னும் தெரிஞ்சிடும்.”

“அதுவரைக்கும் நெஞ்சு தாங்குமா?”

“மாத்திரையை விடாதீங்க. தெனமும் மெதுவா நடங்க. தாங்கும்னு நம்பறேன்.”

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போகலாம் என்றாள் முத்தம்மாள். வழியில் இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறினாள். அதற்குள் ஊர்ப்பக்கம் போகும் போளூர் பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள்.