இடப்பக்கத்துத் திருகு

“களி தின்னா ஆடாம என்ன செய்யும்? அந்தத் திருகு மேல எதையும் வச்சுக் கடிக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேம்லா...”

“நான் எதையும் கடிக்கலீங்க டாக்டரே. வெறும் ராகிக் களிதான்...”

“அதத்தானே நானும் சொல்லுதேன். உங்க வாயாலயே களி, களின்னு...”

“களி தின்னா கடிச்சதா ஆயிடுமா? என்னா பேச்சு இது?”

ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கருவித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள் கிருபாராணி. பல் டாக்டர் பிரகாசத்தின் மனைவி. ஓசூரில் அவர்கள் வீட்டு முன்னறைதான் ஆஸ்பத்திரி. அடுத்த அறையில் சமையல். நர்ஸ் வைக்கிற அளவுக்குக் கூட்டம் இன்னும் சேரவில்லை. தட்டும் அடுப்பும் அவள் கையில்தான்.

நாற்காலியில் இருந்தவள் நாகரசம்பட்டி மங்கம்மா. சொந்த மாந்தோப்பு வைத்திருப்பவள். போன வருஷம் மாடு முட்டியதில் கீழ்வரிசை முன்பற்கள் போய்விட்டன. கழற்றி மாட்டுகிற பல்செட் வாங்கிப் போட்டாள். பெங்களூர் வியாபாரியோடு கன்னடத்தில் பேரம் பேசும்போது அது துள்ளி மடியில் விழுந்தது. அவன் சிரித்தான். அப்புறம் அவன் சொன்ன விலைதான் விலை என்று ஆயிற்று.

பிரகாசம் அப்போதுதான் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படித்துவிட்டு, பம்பாயிலிருந்து சில உலோகத் திருகுகளை வரவழைத்திருந்தான். தாடை எலும்புக்குள் திருகி வைப்பது. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டால், மேலே அசையாத பற்களை மாட்டலாம். தீபாவளிக்கு முன்னால் மங்கம்மாவுக்கு இரண்டு வைத்தான், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஈறுக்கு மேலே மிளகளவு தலை மட்டும் தெரியும். இப்போது தை பிறந்துவிட்டது. வலப்பக்கத்துத் திருகு கல்லில் அடித்த மாதிரி நிற்கிறது. இடப்பக்கத்தது விரல் பட்டால் ஆடுகிறது.

கிருபாராணிக்கு அது வெறும் வேடிக்கை அல்ல. வருகிற திங்கட்கிழமை அதே பெட்டியிலிருந்து ஒரு திருகு அவள் தாடையில் ஏறப்போகிறது. கடைவாய்ப் பல் ஒன்று போன இடம். ‘என் பெண்டாட்டிக்கே வச்சிருக்கேன்னு சொன்னாதான் ஜனங்க நம்புவாங்க’ என்று பிரகாசம் கேட்டபோது தலையாட்டிவிட்டாள்.

“இதைப் பாருங்க.” பெங்களூரில் எடுத்து வந்த எக்ஸ்ரே படத்தை அவன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். “வலது பக்கம் எலும்பு வெள்ளையா, திருகோட பள்ளத்துக்குள்ள வரைக்கும் வந்து ஒட்டியிருக்கு. இடது பக்கம் சுத்தி ஒரு கறுப்புக் கோடு. அங்க எலும்பு இல்லை, விலகிப் போயிட்டு. தினம் களியப் போட்டு மென்னா விலகாம?”

“அது என் ஓரகத்தி கண்ணு டாக்டரே. அவ எப்பவும் என் இடப்பக்கம்தான் உக்காருவா.”

“கண்ணு பட்டு எலும்பு கரையாதும்மா.”

“களி பட்டுக் கரையுமாக்கும்.”

கிருபாராணி தட்டை மேசையில் வைத்தாள். “ஏங்க, களியை யாரும் மெல்ல மாட்டாங்க.”

“நீ சும்மா இரு. சாப்பாடுன்னா மெல்லாம எப்படி?”

கிருபாராணி ராயக்கோட்டைக்காரி, அவன் பாளையங்கோட்டையிலிருந்து வந்தவன். கல்யாணமான நாளாய் அந்த வீட்டில் அவனுக்குச் சோறு, அவளுக்குக் களி. அவன் அதைத் தொட்டதும் இல்லை. அவள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று பார்த்ததும் இல்லை. மதியத்துக்குக் கிண்டிய உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் அடுப்பங்கரையில் இருந்தன. போய் எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

அவன் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டு மென்றான். களி மேல்பல்லிலும் கீழ்பல்லிலும் அப்பிக்கொண்டது. நாக்கால் துழாவினான், நாக்கிலும் ஒட்டியது.

மங்கம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். “மாடு அசை போடுறாப்பல போடுறீங்களே. அய்யோ தேவுடா. குழம்புல புரட்டணும், தொண்டைக்கு அனுப்பணும், அவ்ளோதான். பல்லுக்கு அங்க வேலையே இல்லை.”

“நீங்க சாப்பிடுங்க பார்ப்போம்.”

“நீங்க பிட்ட உருண்டையவா?”

“அந்தப் பக்கம் பிட்டுக்கோங்க.”

அவள் உருட்டினாள், புரட்டினாள், விழுங்கினாள். பிரகாசம் அவள் தாடையின் இரு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தான். இன்னொரு உருண்டை போடச் சொன்னான். தாடை அசையவில்லை. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

“வேற ஒண்ணுமே தின்னலையா? கரும்பு, கடலை?”

“பொங்கலுக்குக் கரும்பை மோந்து பார்த்தேன். அதுக்கும் திட்டுவீங்களா?”

அவன் மறுபடி படத்தைத் தூக்கிப் பார்த்தான். அவன் தப்பித்துக்கொள்ளக் களி ஒன்றுதான் இருந்தது. அதுவும் போய்விட்டது என்று கிருபாராணிக்குத் தெரிந்தது. அந்தத் திருகுகள் வைத்த அன்றைக்கும் அவள் இதே தட்டோடு இதே இடத்தில்தான் நின்றாள்.

“ஏங்க, அன்னிக்கு வலப்பக்கம் வெக்கும்போது உங்க முகம் விழுந்து போச்சு. துளை கொஞ்சம் பெருசாப் போயிடுச்சு, இது நிக்காதுன்னீங்க.”

“ஆமா. தானா வழுக்கிக்கிட்டு உள்ள போச்சு.”

“இடப்பக்கம் கிறீச்சுன்னு சத்தம் கேட்டுச்சு. அதுக்கு மேலயும் திருகினீங்க. யானை கட்டி இழுத்தாலும் வராதுன்னீங்க.”

“திருகைச் சுத்தின இழை கூரா இருக்கு. அது எலும்பை நல்லாக் கடிச்சுப் பிடிக்கணும்னுதான்...” பாதியில் நிறுத்திவிட்டான். மரத்தில் திருகு ஏற்றும் தச்சனுடையதைப் போலவே அன்றைக்கு அவன் முழங்கை விடைத்து நின்றது அவளுக்கு நினைவிருந்தது. தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னான்: “எலும்பு உசுருள்ளது. அளவுக்கு மேல நெருக்கினா அந்த இடத்துல ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத எலும்பு சாகும். செத்ததை உடம்பு அரிச்சு எடுத்துடும். படிச்சதுதான்.”

“அப்போ என் மேல குத்தமில்லைன்னு சொல்லுங்க.”

“இல்லைம்மா.”

“நல்லாச் சத்தமாச் சொல்லுங்க. வந்ததுலேருந்து சத்தமாத்தானே திட்டினீங்க.”

“உங்க மேல குத்தமில்லை.”

இடுக்கியால் பிடித்ததும் இடப்பக்கத்துத் திருகு சுற்றாமலே வந்துவிட்டது. வலியும் அதிகமில்லை. இழைகளில் மெத்தென்ற சதைதான் ஒட்டியிருந்தது. எலும்பின் பொடிகூட இல்லை.

“ஒத்தைத் திருகுல பல்லு நிக்குமா டாக்டரே?”

“நிக்காது. இந்தப் பள்ளம் ஆறி எலும்பு நிரம்பட்டும். அப்புறம் பக்கத்துல ஒண்ணு வைக்கேன்.”

“மாங்கா வர்றதுக்குள்ள ஆகுமா?”

“இந்த வருஷக் காய்க்கு ஆகாதும்மா.”

மங்கம்மா ஈறில் பஞ்சைக் கடித்தபடி சேலையைச் சரி செய்துகொண்டு எழுந்தாள். “சரி. இந்த வருஷம் வாயை மூடிக்கிட்டு விரல்ல பேரம் பேசுறேன். கண்ணு, உன் குழம்புல உப்பு ஒரு கல்லு கம்மி.” ராயக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

பிரகாசம் திருகு ஏற்றும் திருப்புளியைக் கொதிநீரில் போட்டான். கிருபாராணி களித்தட்டை எடுக்கவில்லை.

“அப்போ லூசா விட்டா எல்லாம் பிடிச்சுக்கும்னு அர்த்தமாங்க?”

“அப்படியும் சொல்ல முடியாது. ரொம்ப லூசா விட்டா ஆடிக்கிட்டே இருக்கும். ஆடினா எலும்பு எப்படி வந்து ஒட்டும்? வலது பக்கம் இடைவெளி அளவாப் போயிருக்கு. தெரிஞ்சு செய்யலை, அமைஞ்சு போச்சு. ஒரு தாடையை வச்சு எதையும் முடிவு கட்டக் கூடாது.”

“இன்னொரு தாடை வேணும்.”

நீர் கொதித்து மூடி தடதடத்தது. கடைவாயில் பல் போன அந்த வழவழப்பை நாக்கால் ஒரு தடவை தடவிவிட்டு அவள் கேட்டாள்:

“திங்கக்கிழமை என் எலும்புல திருகும்போது, கையை எந்த இடத்துல நிறுத்துவீங்க?”