மறுப்பில் வாழ்ந்தவர்

நிறுவனம் மறுத்துவிட்ட ஒன்றைப் பற்றி அந்த ஊரில் யாரும் கேள்வி கேட்பதில்லை. அது எழுதப்படாத விதி. எழுதியிருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். காரணம் எளிமையானது: மக்கள் தொடர்புப் பிரிவு வெளியிடும் மறுப்பு, அடுத்த செய்தி வந்து அதை மூடும்வரை, உண்மையாகவே இருந்தது. செய்தித்தாள் காலத்தில் ஒரு மறுப்பு ஒரு நாள் முழுவதும் தாங்கும். ஆற்றில் சாயக்கழிவு கலக்கவில்லை என்று காலைப் பதிப்பில் வந்தால் ஆறு மறுநாள்வரை தெளிந்தே ஓடும். ஊரார் கிடைத்த பொழுதில் துணி துவைத்துக்கொள்வார்கள். தொலைக்காட்சி வந்தபின் அந்தத் தெளிவு அரைநாளாகச் சுருங்கியது. கைபேசி வந்தபின் ஒரு வேட்டியை அலசி முடிப்பதற்குள் தண்ணீர் மறுபடி நிறம் மாறியது. பால் விலை ஏறுவதற்குப் பழகுவது போலவே, முணுமுணுத்துக்கொண்டு இதற்கும் மக்கள் பழகிக்கொண்டார்கள்.

மறுப்பு எழுதுவதில் கைதேர்ந்தவளாக அந்தப் பிரிவில் ஒருத்தி இருந்தாள். ஊருக்கு அவள் அறிக்கைக்காரி. எந்த வரைவிலும் ஒரு நிறுத்தக்குறியையாவது நீக்காமல் கையெழுத்திடமாட்டார் என்பதால் அவளுடைய மேலாளருக்குக் கமா சார் என்று பெயர். ஒரு முற்பகலில் ஆலையின் மூன்றாவது பாய்லர் வெடித்தது. யார், என்ன என்று விசாரிப்பதற்கு முன்பே அவள் வழக்கப்படி, ‘விபத்து எதுவும் நிகழவில்லை, யாருக்கும் பாதிப்பில்லை’ என்று எழுதினாள். கமா சார் காற்புள்ளியை நீக்கி வெளியிட்டார். அதன் பிறகுதான், பாய்லர் அருகே நின்று இறந்தது தன் அண்ணன் என்பது அவளுக்குத் தெரியவந்தது. அன்று மாலை அண்ணன் மிதிவண்டியில் வீடு திரும்பினார், செருப்பைக் கழற்றினார், தண்ணீர் கேட்டார். தகவல் ஏற்கெனவே அண்ணிக்கு வந்திருந்தது. அவள் அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மாலையிலிருந்து அறிக்கைக்காரியின் விரல்களுக்கு ஓய்வு போயிற்று. முன்பெல்லாம் நாலு பத்திரிகை ஆசிரியர்களைத் தொலைபேசியில் அழைத்தால் ஒரு மறுப்பு நிலைபெற்றுவிடும். இப்போதோ கைபேசி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஆசிரியர்கள், அவர்களில் ஒருவரும் அவளுக்குத் தெரிந்தவர் இல்லை. புதிய வதந்தியோ புகைப்படமோ வந்து மறுப்பைக் கீழே தள்ளியதும் அண்ணன் மங்கத் தொடங்குவார். தம்ளர் அவர் விரல்களினூடே நழுவும். அவள் சொற்களை மாற்றி மறுப்பை மறுபடி மேலேற்றுவாள். பேருந்தில் எழுதினாள், குளியலறையில் எழுதினாள், பல்லைக் காட்டச் சொன்ன பல் மருத்துவரைக் காக்கவைத்து எழுதினாள்.

“பாப்பா, வெளிய ஏதாவது பெரிய நியூஸா? எனக்கு முட்டிக்குக் கீழ காணோம்,” என்பார் அண்ணன், நாற்காலியில் இருந்தபடியே.

“ஒரு நடிகருக்குக் கல்யாணம்ணா. இரு, இதோ போட்டுடறேன்.”

“அவன் கல்யாணத்துக்கு நான் ஏன் சாகணும்?”

“அசையாம உக்காருங்க,” என்பாள் அண்ணி. “உங்க தங்கச்சி கைய நம்பித்தான் இந்த வீட்டுல உலை வைக்கறேன்.”

இப்படியே இரண்டு கோடைகள் போயின. அண்ணன் தவறாமல் வேலைக்குச் சென்றார், அதே மூன்றாவது பாய்லருக்கு. நடக்காத விபத்துக்கு யாரும் பழுதுபார்ப்பதில்லையாதலால், அன்று இறுகியிருந்த வால்வு அப்படியேதான் இருந்தது. புதிதாகச் சேர்ந்த இருவரை அங்கே நிறுத்தினார்கள். அழுத்தமானியின் முள் மறுபடி சிவப்பைத் தொட ஆரம்பித்திருப்பதாக அண்ணன் தங்கையிடம் சொன்னார். சூப்பர்வைசரிடம் சொன்னால், அந்த வால்வு எப்போது கெட்டது என்று கேட்கிறாராம், அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டார். அவள் கமா சாரிடம் போனாள்.

“வால்வ மாத்தினா ஏன் மாத்தினீங்கன்னு கேப்பாங்கம்மா,” என்றார் அவர். “முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சாச்சு. இப்ப போய் சோத்தக் கிளறச் சொல்றியே.” பிறகு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அண்ணன் நல்லாத்தானே இருக்கார்?” என்றார்.

அவள் தன் மேசைக்குத் திரும்பி எழுதத் தொடங்கினாள். அன்று எழுதிய மறுப்புகளில் பிழைகள் மலிந்தன. அண்ணனுக்கு இடது காது சற்றுக் கோணலாகத் திரும்பி வந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. “அந்த ரெண்டு பசங்களும் முள்ளப் பாக்கவே பயப்படறாங்க பாப்பா,” என்று மட்டும் சொன்னார்.

இதற்கிடையில், மக்கள் அறிக்கைகளை நம்புவதில்லை, முகங்களைத்தான் நம்புகிறார்கள் என்று மேலிடம் கண்டுபிடித்தது. கேன்டீனிலிருந்து ‘தொழிலாளியுடன் ஒரு தேநீர்’ என்ற நேரலை அறிவிக்கப்பட்டது. முதல் விருந்தினராக அண்ணனையே தேர்ந்தெடுத்தார் கமா சார். நடக்காத விபத்துக்கு அவரைவிட நல்ல சாட்சி ஏது? கேள்வி கேட்க வேண்டியவள் அறிக்கைக்காரி. அன்று காலை அண்ணி கணவரின் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள், பொத்தான்களைத் தானே போட்டுவிட்டாள், போட்டவற்றைக் கழற்றி மறுபடி போட்டாள். வாசலில் நாத்தனாரின் கையைப் பிடித்து, “அவர் நேத்து ராத்திரியே எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டார். கேக்கறதா இருந்தா நீ கேட்டுடு. என் வாயில வரல,” என்றாள்.

கேன்டீனில் கைபேசியைத் தாங்கியில் நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். ‘உங்களுக்குப் பிடித்த ஷிஃப்ட் எது?’ என்று தொடங்கின அட்டைகள். பாய்லர்காரர்கள் இருவரும் அடுத்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அறிக்கைக்காரி அட்டைகளைக் கவிழ்த்து வைத்தாள்.

“அண்ணா, அன்னைக்கு மூணாவது பாய்லர் கிட்ட என்ன ஆச்சு?”

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் தட்டுகளில் நின்றன. விளக்குக்குப் பின்னால் கமா சார் கழுத்தை அறுப்பதுபோலச் சைகை காட்டினார். அண்ணன் சிரித்தார். குரல் எவ்வளவு தூரம் வருமோ என்று நாற்காலியை மைக் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“வால்வு இறுகியிருந்துச்சு பாப்பா. ஒரு மாசமா எல்லாருக்கும் தெரியும். முள்ளு சிவப்புக்குப் போனதும், கையால திருப்பிப் பாக்கலாம்னு கிட்ட போனேன்.”

சட்டையினூடே நாற்காலியின் முதுகு தெரிய ஆரம்பித்திருந்தது. பரிமாறுகிறவர் வந்து, இனி குடிக்கமாட்டார் என்று அவருடைய தேநீரை எடுத்துக்கொண்டு மேசையைத் துடைத்தார். அறிக்கைக்காரி எழுதவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அப்புறம்?”