வெயில் பட்ட பக்கம்

சேக்காட்டு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று உண்டு. அதன் அடிமரத்தைச் சுற்றிலும் தேங்காய் நார் வைத்து, அங்கே குடியிருக்கும் சுலோசனா கட்டிய ஆர்கிட் செடிகள் இரண்டு வருஷமாகப் பூத்தன. பாசியும் பெரணியும் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன. அவள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் குடியிருப்பே புகழும்.

சித்திரையில், மேற்கே வாசலைப் பார்த்த பக்கத்தில் இருந்தவை கருகின. வாசல் கழுவும் வேம்புலியம்மாள் மிச்ச பினாயில் தண்ணீரை மரத்தடியில் கொட்டியதைச் சுலோசனா ஒருமுறை பார்த்திருந்தாள். குடியிருப்போரின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அத்தனை பேர் எதிரிலும் வேம்புலியம்மாளைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"பிடிக்கலைன்னா வேலையை விட்டுட்டுப் போயேன். வாயில்லாத செடிமேல ஏன் உன் கோவத்தைக் காட்டற?"

"நான் ஒண்ணியும் பண்லம்மா."

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. மறுநாள் முதல் வேம்புலியம்மாள் வேலைக்கு வரவில்லை.

காய்ந்ததைப் பிய்த்துப் போடலாமென்று அடுத்த வாரம் சுலோசனா ஏணி வைத்து ஏறினாள். மேற்குப் பக்கப் பட்டை தோசைக்கல்லாய்ச் சுட்டது. பாசி பொடியாய் உதிர்ந்தது. மறுபக்கம் கை வைத்தால் குளிர்ச்சி. அங்கே பெரணி பசுமையாக இருந்தது, ஆர்கிட்டுகளும் வாடவில்லை. வெயில் பக்கத்தில் பிழைத்தது தடித்த இலைகொண்ட ஒரே ஒரு செடி. அது மொட்டுகூட விட்டிருந்தது.

அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு நேர்மேலே வெறும் வானம். பால்கனியில் துணி காயவில்லையென்று மாசியில் ஆள் வைத்து அங்கே நிழல் தந்த கிளைகளை வெட்டச் சொன்னவள் அவளேதான். நிழலில் வாழ்ந்தவற்றை நடுவெயிலில் நிறுத்திவிட்டுப் பழியை யார்மேலோ போட்டிருக்கிறாள்.

விசாரித்துக்கொண்டு வேம்புலியம்மாள் வீட்டுக்குப் போனாள். "தப்பு என்மேலதான். கிளையை வெட்டினதால கருகியிருக்கு. மன்னிச்சிடுங்க."

வேம்புலியம்மாள் குடம் கழுவியபடி நிமிராமலே சொன்னாள்: "அத்தினி பேர் முன்னால திட்னியே. மன்னிப்பு மட்டும் தனியா வந்து கேக்குறியா?"

அடுத்த கூட்டத்தில் சுலோசனா எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். "செடிதானே மேடம், விடுங்க" என்று மூன்றாம் மாடி மனோகரன் சிரித்தார்.

"செடியைச் சொல்லலை சார். அந்தம்மாவைச் சொல்றேன்."

சிரிப்பு நின்றது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலை வேம்புலியம்மாளைப் போனில் மறுபடி வேலைக்கு அழைத்தாள்.

"கூட்டத்துல நீ பேசுனத சொன்னாங்கம்மா, கேட்டுகினேன். வேலப்பன்சாவடில ஒரு ஆஸ்டல்ல வேலைக்கு சேந்துட்டேன். அந்த வாசலாண்ட மறுபடி வந்து நிக்க மனசு வர்ல."

சுலோசனா வற்புறுத்தாமல் போனை வைத்தாள்.