இரண்டரை முதல் மூன்று வரை

எங்கள் அன்பியத்தில், அதாவது பங்குக் கோயிலைச் சேர்ந்த எங்கள் பகுதிச் செபக் குழுவில், முப்பது குடும்பங்கள். யாருக்காவது உடம்பு ரொம்ப முடியாமல் போனால் சங்கிலி செபமாலை வைப்போம். காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை, வீட்டுக்கு அரை மணி நேரம். அவரவர் வீட்டிலேயே முழங்காலிட்டு ஒரு செபமாலை சொல்லி முடித்து, பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போன் போட்டு, "முடிச்சிட்டேன், நீங்க ஆரம்பிங்க" என்று சொல்ல வேண்டும். நடுவில் அறுந்துவிடக் கூடாது. பட்டியல் போடுகிறவன் நான். அன்பியச் செயலாளர் பிராங்கிளின். யாராவது ஐந்து நிமிடம் பிந்தினால்கூட அடுத்த கூட்டத்தில் பெயரைச் சொல்லிக் காய்ச்சி எடுப்பேன்.

சிலுவைமுத்து அண்ணனுக்கு டெங்கு வந்து, பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போய், நினைவு தப்பிக் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பட்டியல் போட்டேன். மதியம் இரண்டரை முதல் மூன்று வரை என்பது ஒருவருக்கும் பிடிக்காத நேரம். அதை எனக்கே எழுதிக்கொண்டேன். நான் கஷ்டத்தை ஏற்றுக்கொள்வதை நாலு பேர் பார்க்கட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அன்று வீட்டில் கறிக்குழம்பு. இரண்டே காலுக்கு, எனக்கு முந்தின முறைக்காரர் சீக்கிரமே முடித்துப் போன் போட்டுவிட, செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறதே, கொஞ்சம் கண்ணை மூடலாம் என்றுதான் நினைத்தேன். போன் அடித்தபோது கடிகாரத்தில் மூன்று ஆறு. எனக்கு அடுத்த முறைக்காரி கிளாரா டீச்சர்.

"சார், முடிச்சிட்டீங்களா? மூணு மணியிலருந்து காத்துக்கிட்டிருக்கேன்."

"இப்பத்தான் முடிச்சேன் டீச்சர். நீங்க ஆரம்பிங்க."

"என்ன சார், குரலு இம்புட்டுக் கம்மிப்போயிருக்கு? அழுதீங்களா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தூக்கக் குரலைச் செருமிச் சரிசெய்துகொண்டு போனை வைத்தேன்.

சிலுவைமுத்து அண்ணன் பிழைத்து வீடு வந்த பிறகு நடந்த கூட்டத்தில் அவர் மனைவி அன்னாளக்கா எழுந்து நின்றார்.

"அன்னைக்குச் சரியா ரெண்டே முக்காலுக்கு அவுக கண்ணத் தொறந்து தண்ணி கேட்டாக. அந்த நேரத்துல யாரு செபிச்சதுன்னு பட்டியல எடுத்துப் பாத்தேன். நம்ம பிராங்கிளின் சாரு."

"சார் அன்னைக்கு அழுது அழுது தொண்டையே கட்டிப்போச்சு" என்று கிளாரா டீச்சர் எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அன்னாளக்கா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதுவரை என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்து சார் என்றார். சனிக்கிழமைதோறும் சாணார்பட்டியில் இருக்கும் அவர்கள் தோட்டத்திலிருந்து ஒரு பை கத்திரிக்காய் வீடு தேடி வந்தது. பிஞ்சுக் காய், அப்போது பறித்தது. அதில் வெஞ்சனம் வைத்துச் சோற்றோடு போட்டால் தட்டில் ஒதுக்கிவிடுவேன். வயிறு சரியில்லை என்று மனைவியிடம் இன்னொரு பொய் சொன்னேன்.

சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். "செபத்தில் அசட்டையாக இருந்தேன் சாமி" என்றேன். எந்தச் செபம், யாருக்காக என்று சொல்லவில்லை. சாமி பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒன்றும் குறையவில்லை.

எடுத்த அரை மணி நேரத்தைத் திருப்பி வைத்தாலாவது மனசு ஆறுமா என்று பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஜெராக்ஸ் கடை. தினமும் இரண்டரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் முழங்காலிட்டேன். முதல் வாரமெல்லாம் மனசு டோனர் விலையிலும் கரண்ட் பில்லிலும்தான் நின்றது. வெளியே ஆதார் கார்டும் கையுமாக நிற்பவர்களிடம் பக்கத்துப் பழக்கடைக்காரர், "சாரு செபத்துல இருக்காரு, செத்த நேரம் பொறுங்க" என்பார். அவர்களும் வெயிலில் பொறுத்துக்கொண்டு நிற்பார்கள். பொய்யைச் சரிக்கட்டப் போய் என் பேர் இன்னும் பெரிதாகிவிட்டது.

இரண்டு மாதம் போனதும் ஒன்று நடந்தது. இரண்டு மணிக்கே நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அந்த அரை மணி நேரம் எனக்கு வேண்டியதாகிவிட்டது. சில நாள் ஆண்டவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோலவே இருக்கும். அடுத்த நொடியே அன்னாளக்கா கும்பிட்ட கை ஞாபகம் வரும், நான் எழுந்துவிடுவேன். ஆண்டவருக்கும் எனக்கும் நடுவில் அந்தப் பொய்யும் ஒரு ஆளாக முழங்காலிட்டிருந்தது.

நாலாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டேகாலுக்கு அன்னாளக்கா மூச்சிரைக்கக் கடைக்குள் வந்தார். கையில் துணிப்பை, கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சார், மகளுக்கு நெய்க்காரப்பட்டியில வலி வந்துருச்சு. ரெண்டாவது பிரசவம். புள்ள குறுக்க கிடக்குன்னு பழனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாகளாம். உங்க அண்ணன் தோட்டத்துலருந்து வந்துக்கிட்டிருக்காக, வந்ததும் நாங்க பஸ் ஏறணும்."

"சங்கிலி வச்சிருவோம்க்கா. இப்பவே எல்லாருக்கும் போன் போடுறேன்."

"சங்கிலி எதுக்கு சார்? உங்க அரை மணி நேரம் ஒண்ணு போதும். அன்னைக்கு மாதிரியே கேளுங்க."

அன்றுபோலவே. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அன்னைக்கு நான் செபிக்கல."

"என்னைக்கு?"

"அண்ணன் கண்ணு முழிச்ச அன்னைக்கு. கறிக்குழம்பு தின்னுட்டு நாற்காலியிலயே தூங்கிட்டேன். டீச்சர் போன் போட்டுத்தான் எந்திரிச்சேன். அழவும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவர் பையைக் கீழே வைத்தார்.

"அம்புட்டுப் பேரு முன்னாடி உன்னயக் கும்பிட்டேனே" என்றார். "வாராவாரம் காயச் சுமந்துக்கிட்டு வந்தேனே. ஒரு நாளாவது சொல்ல வாய் வரலயா உனக்கு?"

"பயமா இருந்துச்சுக்கா."

"அவுக சாகக் கிடந்தாக, தம்பி."

அதற்குமேல் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அழுகை வந்தது. அழுவதற்கும் வெட்கமாக இருந்தது. அவர் விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். சாணார்பட்டி பஸ் இன்னும் வரவில்லை. திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு இருபத்தெட்டு.

ஷட்டரை அவரே இழுத்துப் பாதிக்கு இறக்கினார்.

"புள்ள அங்க துடிச்சுக்கிட்டிருக்கா. உன்னயப் பேச எனக்கு இப்ப நேரமில்ல, அதைப் பெறகு வச்சுக்கிறேன். முழங்காலப் போடு."

போட்டேன். பையிலிருந்து செபமாலையை எடுத்துக்கொண்டு அவரும் என் பக்கத்தில் முழங்காலிட்டார்.

"தூங்குனன்னு வையி, அறைஞ்சே எழுப்புவேன். ம், ஆரம்பி."

வாயைத் திறந்தேன். இத்தனை நாள் அந்த இடத்தில் சொல்லிப் பழகிய வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

"ஆண்டவரே, அன்னைக்கு நான் தூங்கிட்டேன்" என்றேன்.

"அதுக்கு நான் ஆமென் சொல்ல மாட்டேன்" என்றார் அன்னாளக்கா. "மேல சொல்லு."