சீப்பும் கண்ணாடியும்

என் கணவர் கோபாலசிங்கத்துக்கு இடது கையில் ஒரு தழும்பு இருந்தது. முழங்கைக்குக் கீழே தொடங்கி நேராக இறங்கும். தையல் போட்ட கோடுகள் வரிசையாகக் குறுக்கே நிற்கும். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்த ஒரு காலையில் அவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ட சண்டை அவ்வளவுதான். ஆனால் கொழும்பில் சட்டைக் கையை மடிக்கச் சொல்லும் ஆமிக்காரனிடம் சைக்கிள் கதை சொன்னால் நம்புவானா?

தொண்ணூற்றேழில் இந்தக் கேள்விதான் என் நித்திரையைக் கெடுத்தது. அவருக்கு அப்போதுதான் பெர்மெஸ்ஸோ, இத்தாலியில் இருப்பதற்கான அனுமதிப் பத்திரம், கிடைத்திருந்தது. பலெர்மோவுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, ஊருக்குப் போனால் திரும்பி வரலாம் என்ற நிலை. பார்த்தால் அதே மாதம் மாமியை, அவருடைய அம்மாவை, கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒப்பரேஷன் செய்ய வேண்டும், தாங்குவாவோ தெரியாது என்று செய்தி. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போங்கள் என்று சொல்லவும் வரவில்லை. தழும்போடு பிடிபட்டு மாதக்கணக்கில் உள்ளே இருந்த பெடியளின் கதைகள் நாங்கள் குடியிருந்த சீசாப் பகுதியில் எல்லாத் தமிழருக்கும் தெரியும்.

வழி சொன்னவர் தில்லையம்பலம் அண்ணை. பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார், எங்கள் ஊர்க்காரர். எதிரே இருப்பவரின் பூட்டன் யாரென்று விசாரிக்காமல் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடமாட்டார்.

"தழும்பைக் கண்டால்தானே தம்பி கேள்வி? அதுக்கு மேலை பச்சை குத்திவிடு. இஞ்சத்தைப் பெடியள் எல்லாம் குத்தித் திரியிறாங்கள். ஸ்ரைல் எண்டு நினைச்சு ஆமிக்காரங்கள் விட்டிடுவாங்கள்" என்றார், தலையைக் குனிந்தபடியே. என் கணவர் அவருடைய பிடரியில் கத்தரிக்கோல் வைத்துக்கொண்டிருந்தார்.

அதைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பல்கனியில் முடிவெட்டு நடக்கும். இத்தாலிக்காரரின் சலூனில் எங்கள் தலைமயிரைக் கண்டபடி வெட்டிவிடுவார்கள் என்று ஊர் ஆட்கள் எல்லோரும் இவரிடம்தான் வருவார்கள். கை நல்ல கை. ஆனால் அதை முடிவெட்டு என்று யாரும் சொல்லக் கூடாது. "தம்பி, கொஞ்சம் ஒழுங்குபடுத்தி விடு" என்பார்கள். இது உதவி, தொழில் இல்லை. ஊரோடு கதைக்கும்போது இதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். மயிரைக் கூட்டி அள்ளுவது மட்டும் நான்.

வியாழன் பின்னேரம் என் சிஞ்ஞோரா, நான் வேலை செய்த வீட்டு எஜமானி, எனக்கு லீவு விடுவா. அப்படி ஒரு வியாழன், வியா மக்வேதா தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள் இருந்த பச்சை குத்தும் கடைக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இவர் தமிழ்ப் பெடியளோடு ஹோட்டல் சமையலறையில் வேலை. இத்தாலியன் கதைக்க நான்தான் வேண்டும்.

கடைக்காரன் சால்வோ ஸ்கொட்லாந்தில் சில வருடம் வேலை செய்துவிட்டு வந்தவன். அங்கே வயல்வெளிகளில் நிற்கிற பழைய கற்களைப் பார்த்துப் பைத்தியம் பிடித்துத் திரும்பியிருந்தான். சுவர் முழுக்க அந்தப் படங்கள். தொடக்கமும் முடிவும் தெரியாமல் பின்னிப் போகிற கயிறு: அது கெல்ட் ஆட்களுடையது, உயிர் அறுந்துபோகாது என்று அர்த்தமாம். மூன்று சுழி: நிலம், கடல், வானம் என்று சிலர் சொல்கிறார்களாம். எங்கள் சிசிலிக் கொடியில் இருக்கிற மூன்று காலுக்கும் சொந்தக்காரன்தான் என்று சிரித்தான். மற்றச் சுவரில் பிக்ட் ஆட்களின் படங்கள். ரோமர்கள் 'வர்ணம் பூசியவர்கள்' என்று பெயர் வைத்த சனமாம். கல்லில் செதுக்கிவைத்துவிட்டு அர்த்தத்தை ஒருவருக்கும் சொல்லாமல் போய்விட்டார்களாம். யார் எந்த அர்த்தம் சொன்னாலும் அது ஊகம்தான் என்று நேர்மையாகச் சொன்னான்.

எனக்கு அவன் சொன்ன அர்த்தங்களில் அக்கறை இல்லை. ஒவ்வொரு படத்தையும் ஆமிக்காரனின் கண்ணால் பார்த்தேன்.

"உந்தக் கயிறு நல்லாயிருக்கு" என்றார் இவர்.

"குண்டு வயர் எண்டு நினைப்பான்."

"பிறையும் முறிஞ்ச அம்பும்?"

"முறிஞ்சாலும் அம்பு அம்புதான். ஆயுதம்."

பிறகு அவருடைய கண் காட்டுப்பன்றியில் போய் நின்றது. பயமறியாத வீரனின் அடையாளம் என்று சால்வோ சொன்னதை நான் மொழிபெயர்த்ததுதான் தாமதம், மனிதர் நெஞ்சை நிமிர்த்திவிட்டார். பிக்ட் ஆட்கள் மிருகத்தின் உடம்புக்குள் வளைவு வளைவாகக் கோடு இழுத்திருக்கிறார்கள்.

"உடம்பு முழுக்க வரி. பல்லும் இருக்கு. கொழும்பிலை இதைப் பன்றி எண்டு ஆர் சொல்லுவான்? புலி எண்டு சொல்லித்தான் ஜீப்பிலை ஏத்துவான்" என்றேன். அவருடைய நெஞ்சு இறங்கியது.

சால்வோ இவருடைய கையைப் பிடித்துத் தழும்பின் மேல் விரலை ஓட்டினான். "இது ஏற்கெனவே ஒரு சீப்பு" என்றான். சுவரின் மூலையைக் காட்டினான். அங்கே ஒரு சீப்பும், பிடி வைத்த வட்டக் கண்ணாடியும். நிறையக் கற்களில் இருக்கிறதாம். பெண்களைக் குறிக்கலாம், இறந்துபோன ஒருவருக்காக ஒரு பெண் கல் நாட்டியதைச் சொல்லலாம் என்று சிலர் நினைக்கிறார்களாம். தழும்பு சீப்பின் முதுகு, தையல் கோடுகள் பல். பக்கத்தில் கண்ணாடியைப் போட்டால் தழும்பு இருந்த இடமே தெரியாது.

எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது. சீப்பையும் கண்ணாடியையும் கண்டு பயப்படுகிற பட்டாளம் உலகத்தில் எங்கே இருக்கிறது? திரும்பிப் பார்த்தால் இவருடைய முகம் கறுத்துப்போயிருந்தது.

"உமக்கென்ன விசரே? ஊரிலை சீப்பும் கண்ணாடியும் கொண்டு திரியிறது ஆர்? சொல்லும் பாப்பம்."

"முடி வெட்டிறவை."

"அப்ப? அம்மா சாகக் கிடக்கேக்கை அவையின்ரை சாதி அடையாளத்தோடை போய் நிக்கட்டோ?"

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. சால்வோ பார்க்கிறான் என்றுகூட யோசிக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமையிலை பல்கனியிலை என்ன செய்யிறியள், பூசையோ?"

"அது உதவி."

"இதையும் உதவி எண்டு நினையுங்கோ. உங்களைப் பெத்தவவின்ரை முகத்தைக் காட்டிற உதவி. சாதியைப் பாக்கப் போறியளோ, அம்மாவைப் பாக்கப் போறியளோ? இப்பவே சொல்லுங்கோ, வீட்டை போவம்."

அவர் போய்க் கதிரையில் இருந்தார், கையை நீட்டினார், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊசி ஓடி முடியும்வரை திரும்பவில்லை.

அதன் பிறகு வீட்டிலும் நீளக் கைச் சட்டைதான். தில்லையம்பலம் அண்ணையிடம் ஏதோ சுழி என்று சமாளித்தார். ஆமி கேட்டால் என்ன சொல்லுவீர்கள் என்று நான் கேட்டபோதெல்லாம், "ஸ்ரைல் எண்டு சொல்லுவன்" என்று சீறினார். காயம் ஆறியது. விமானம் ஏறினார்.

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சிஞ்ஞோரா வீட்டில் அயர்ன் பண்ணிய சட்டையையே திரும்ப எடுத்து அயர்ன் பண்ணினேன். பின்னேரம் சீசாவிலிருந்து ஸ்தாசியோனே சென்ட்ராலே ரெயில் நிலையம் வரை நடப்பேன். பக்கத்திலிருந்த டெலிபோன் கடையிலிருந்து கொழும்பில் அவர் தங்கியிருந்த லொட்ஜுக்கு எடுப்பேன். ஒரு நாள், காலையில் வெளிக்கிட்டவர் இன்னும் வரவில்லை என்றார்கள். கடையை விட்டு வெளியே வந்தேன், திரும்ப உள்ளே போனேன். அப்போதுதான் அந்த யோசனை வந்து என்னைப் பிடித்தது. வெறும் தழும்பென்றால் தழும்பைப் பற்றி மட்டும் கேட்பார்கள். இப்போது அதை மறைத்தவர் ஆகிவிட்டாரே! மறைக்கச் சொன்னது நான். ஒரு மனிதரை வாயால் வெட்டி அனுப்பிவிட்டேனே என்று தெருவில் நின்று அழுதேன்.

அடுத்த நாள் குரல் கேட்டது. "அம்மாவைப் பாத்திட்டன்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு வந்த அழைப்பில், மாமி ஒப்பரேஷனைத் தாங்கவில்லை என்றார். கொள்ளி வைத்துவிட்டு மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார்.

வந்த அன்று குசினியில் வைத்து ஆமிக் கதையை மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சோதனைச் சாவடி. கையை மடிக்கச் சொன்ன பெடியன் படத்தின் மேல் பெருவிரலை வைத்துத் தடவினான். கண்ணுக்குத் தெரியாத தையல் விரலுக்குத் தட்டுப்பட்டுவிட்டது.

"ஸ்ரைல் எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தனான். வந்தது வேறை. 'பாபர் சேர், முடி வெட்டிறவன். இத்தாலியிலை பாபர். தொழில் அடையாளம். கத்தி வெட்டின இடத்திலை குத்தினது' எண்டிட்டன்."

"நம்பினவனோ?"

"அண்டைக்குப் பின்னேரம் அவன் லீவிலை வீட்டை போறானாம். உள்ளையிருந்து கத்தரிக்கோலும் ஷேவ் பண்ணிற பிளேட்டும் எடுத்து வந்து தந்தான். 'அப்ப வெட்டு' எண்டான். துவக்கைத் தூக்கி மற்றவனிட்டைக் குடுத்திட்டு, கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினான். சின்னப் பெடியன், குகனேஸ்வரி. என்ரை கையிலை பிளேட்."

"பிறகு?"

"பல்கனி எண்டு நினைச்சு வெட்டினன். கண்ணாடியிலை முகம் பாத்துச் சிரிச்சான். ஆஸ்பத்திரி வாசல் மட்டும் தானே கொண்டுவந்து விட்டவன்."

மாமியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மாமியின் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, தில்லையம்பலம் அண்ணை துவாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பல்கனியில் இருந்தார். "கொஞ்சம் ஒழுங்குபடுத்தி விடு தம்பி." ஒரு பக்கம் வெட்டி முடிந்தது. வெக்கை பொறுக்காமல் இவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டார். எனக்குக் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடி கையிலேயே நின்றுவிட்டது.

அண்ணை படத்தை உற்றுப் பார்த்தார். "இதென்னடா தம்பி, சுழி எண்டாய்?"

"சீப்பும் கண்ணாடியும், அண்ணை."

அண்ணை துள்ளி எழும்பினார். முடிவெட்டுகிற சாதிக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு, அதைச் சொன்னார். அந்தச் சொல்லை நான் எழுதப் போவதில்லை. "கொம்மா இதைக் கண்டிருந்தா நெஞ்சு வெடிச்சுச் செத்திருப்பா!"

"கண்டவ" என்றார் என் கணவர்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"மறைக்கப் பாத்தனான். கையைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தவ. சீப்பெல்லே எண்டா. கிடந்த கிடையிலை அவவின்ரை தலை சிக்குப்பட்டு, சடைபிடிச்சுப் போய்க் கிடந்தது, அண்ணை. இழுத்து விட ஒரு ஆள் இல்லை. 'எனக்கும் ஒருக்கால் சிக்கெடுத்து விடடா' எண்டு கேட்டவ. பக்கத்துக் கட்டில்காரியிட்டைச் சீப்பு வாங்கி, நோகாமல் எடுத்துப் பின்னி விட்டன். அவள் தன்ரை கண்ணாடியையும் நீட்டினவள். அம்மா பாத்திட்டுச் சிரிச்சவ. அந்தப் பின்னலோடைதான் ஒப்பரேஷனுக்கு உள்ளை கொண்டு போனவை. அந்தப் பின்னலோடைதான் எரிச்சனான்."

நான் இதைக் கேட்டது அப்போதுதான். தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

தில்லையம்பலம் அண்ணை துவாயைப் பிடித்தபடி நின்றார். ஒரு பக்கத் தலை வெட்டியிருந்தது, மற்றப் பக்கம் காதை மூடியிருந்தது. வாசலைப் பார்த்தார். பிறகு கதிரையைப் பார்த்தார்.

"இருங்கோ அண்ணை" என்றார் என் கணவர். "என்ன செய்ய வேணும் எண்டு சொல்லுங்கோ."

அண்ணை இருந்தார். துவாயைத் திரும்பக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"முடி வெட்டிவிடு, தம்பி" என்றார்.