சரிவில் நின்ற நாற்காலி

அன்று அந்தச் சரிவுத் தெருவில் இருந்தவர்கள் இவர்கள்: கிடங்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருடைய மனைவி, மருத்துவமனையில் கட்டில்களையும் சக்கர நாற்காலிகளையும் பழுது பார்க்கும் அவர்களுடைய ஒரே மகள், மேற்பார்வையாளரின் தம்பி, தம்பி மனைவி, மனைவியின் தம்பியான மைத்துனன், எதிர்வீட்டுத் தையல்காரர், தையல்காரரிடம் அளவு கொடுக்க வந்து வேடிக்கை பார்க்க நின்றுவிட்ட ஒரு பெண். அந்தப் பெண் யாரென்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை பேரையும் பின்னால் ஒரு மேசைக்கு முன் உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டிவரும் என்று மேற்பார்வையாளர் அன்று நினைக்கவில்லை.

மகள் செய்திருந்தது ஒரு தடுப்பு. நாற்காலியைத் தள்ளுகிறவரின் கை பிடியை விட்டு விலகினால் சக்கரம் தானாகப் பூட்டிக்கொள்ளும். மருத்துவமனைச் சாய்தளத்தில் ஒரு நோயாளியோடு நாற்காலி உருண்டுபோய்ச் சுவரில் மோதியதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு இதே நினைப்புதான். சம்பளம் வாங்கிய கையோடு இரும்புக் கடைக்குப் போவாள். பின்கட்டில் இரும்பை அரத்தால் ராவிக்கொண்டும் உடைத்துக்கொண்டும் இருப்பாள். "கழுத்து நீட்ட வேண்டிய வயசுல ஸ்பேனரைக் கட்டிக்கிட்டா" என்று தம்பி மனைவி ஒரு விருந்தில் சொன்னதும், எல்லோரும் சிரித்ததும் மேற்பார்வையாளரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றன. வேலை முடிந்தது என்று மகள் சொன்ன வாரமே, பேசிய வாய்களையெல்லாம் அவர் வீட்டுக்கு அழைத்தார்.

தேய்த்த வெள்ளைச் சட்டையோடு அவரே நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகு சாய்மானத்தைத் தொடவில்லை. மகள் சரிவின் நடுவுக்குத் தள்ளிவந்து கையை எடுத்தாள். நாற்காலி நட்ட கல்லாக நின்றது. தையல்காரர் கைதட்டினார். போனில் படமெடுத்துக்கொண்டிருந்த மைத்துனன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் அல்ல.

"அத்தான், பின்னாடி கயிறு கட்டியிருக்கான்னு பாத்துக்குங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை.

"மூடியைக் கழட்டிக் காட்டும்மா."

மகள் அவர் காதருகே குனிந்தாள். "வேண்டாம்பா. காப்புரிமைக்கு விண்ணப்பம் போடற வரைக்கும் உள்ள இருக்கறத யாருக்கும் காட்டக் கூடாது."

"நம்ம ஜனங்கதானே நிக்கறாங்க? என் பொண்ணு கண்கட்டு வித்தை காட்டறான்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது. கழட்டு."

அவள் கழற்றினாள். சுருள்வில், பல்வளையம், சிறு நெம்பு எல்லாம் வெயிலில் மின்னின.

விண்ணப்பம் அதற்குப் பிறகுதான் போனது. காப்புரிமை முகவரான அம்மாள் பொறுமையாக விளக்கினாள். எது புதிது என்பதை எழுத்தில் எல்லை கட்டிக் காட்ட வேண்டும். எழுதிய எல்லைக்கு வெளியே ஒரு அங்குலம்கூடச் சொந்தமில்லை. காப்புரிமை அலுவலக ஆய்வாளர் கேள்வி கேட்பார், பதில் சொல்ல வேண்டும். "கிடைச்சப்புறமும் காலாகாலத்துல கட்டணம் கட்டி உயிரோட வெச்சிருக்கணும், சார். விட்டா போயிடும்."

"பெத்தவன் சோறு போட மாட்டானா?" என்றார் மேற்பார்வையாளர்.

"இதுக்கு முன்னாடி வெளியில எங்கயாவது காட்டினீங்களா?"

மகள் வாயைத் திறப்பதற்குள் அவர் பதில் சொல்லிவிட்டார். "இல்லை. வீட்டு மனுஷங்கதான் பாத்தாங்க." அவர் பொய் சொல்லவில்லை. வாசலுக்கு முன்னால் இருக்கும் தெருவும் அவருக்கு வீடுதான். மகள் மேசையைப் பார்த்தபடி இருந்தாள். வெளியார் முன்னால் அப்பா சொன்னதற்கு மறுசொல் சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

ஆய்வாளரின் அறிக்கை வந்தபோது அதே மேசை, அதே நாற்காலிகள். இந்த முறை மைத்துனனும் வந்திருந்தான். விண்ணப்பத்துக்கு முன்பே இந்த அமைப்பு முழுவதும் பொதுவில் வெளியாகிவிட்டது என்று அறிக்கை சொன்னது. ஆதாரம், 'என் அக்கா பொண்ணு கண்டுபிடிச்சது' என்ற தலைப்போடு மைத்துனன் இணையத்தில் போட்டிருந்த படம்.

"அன்னிக்கே அழிச்சிருந்தா... இப்ப அழிச்சிட்டேன் மேடம்" என்றான் அவன்.

"ஆய்வாளர்கிட்ட பிரதி இருக்கு. அங்க யார் யாரெல்லாம் இருந்தாங்க?"

மேற்பார்வையாளர் ஒவ்வொருவராகச் சொன்னார். அளவு கொடுக்க வந்த பெண்ணிடம் வந்ததும் நிறுத்தினார்.

"ரகசியமா வெச்சுக்கணும்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா, சார்?"

"சொன்னாரு மேடம்!" மைத்துனன் எழுந்தே விட்டான். "எங்க எல்லார்கிட்டயும் சொன்னாரு. எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

முகவர் கணினியை அவர்கள் பக்கம் திருப்பிப் படத்தை ஓடவிட்டாள். சரிவின் நடுவே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மனிதர் கையை உயர்த்திச் சொன்னார்: "எல்லாரும் கிட்ட வாங்க. குனிஞ்சு நல்லாப் பாருங்க. ஊருக்கே போய்ச் சொல்லுங்க!"

அந்தக் குரலை அவர் அதுவரை வெளியிலிருந்து கேட்டதில்லை. எவ்வளவு சந்தோஷமான குரல்.

"இனிமே இதை யார் வேணா செய்யலாம்," என்றாள் முகவர், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. "உங்க பொண்ணும் செய்யலாம்."

காப்புரிமை வரட்டும், பேசலாம் என்று மகளிடம் சொல்லியிருந்த சக்கர நாற்காலி நிறுவனம் பிறகு பேசவே இல்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் மருத்துவமனைக்குப் புது நாற்காலிகள் வந்தன. கை எடுத்தால் நிற்கிற நாற்காலிகள். பழுதானால் மகளிடம்தான் வரும். "பரவால்லப்பா, நல்லாத்தான் செஞ்சிருக்காங்க" என்றாள் ஒருநாள், சோற்றைப் பிசைந்தபடி. ஒரு வசவு வந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். பின்கட்டில் ராவும் சத்தம் நின்றுபோயிருந்தது.

மைத்துனன் பொறாமையில் படமெடுத்து நிறுவனத்துக்கு விற்றுவிட்டான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. தம்பி மனைவி அதை வீட்டுக்கே கொண்டுவந்தாள்.

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டானே, மாமா! உங்க நல்ல மனசுக்கு இப்படியா?"

மேற்பார்வையாளருக்கு அந்தப் பேச்சு நிழல் மாதிரி இருந்தது. ஒதுங்கி நின்றால் போதும், அவர் தலை நிமிர்ந்தே இருக்கும். சமையலறையில் மனைவியின் கைவேலை நின்றது. அவர் நாற்காலியில் முதுகு படாமல் நிமிர்ந்தார்.

"அவன் விக்கலை. எடுடான்னு சொன்னவன் நான். நாலு பேருக்குக் காட்டுடான்னு சொன்னவனும் நான். படத்துல நல்லாப் பாரு. என் பொண்ணு கை கொஞ்ச நேரம் அந்த மூடித் திருகாணி மேலயே நிக்கும். அதுக்கப்புறம் 'கழட்டு'ன்னு என் குரல் கேக்கும்."